மூன்று மணி நேரப் பாதை, ஏழு மணி நேரம் ஆனது: கணக்கு எங்கே இடிக்கிறது?

செப்டம்பர் 4, இரவு 9:10 (கேள்வி)

போன வாரம் குடும்பத்தோடு ஒரு மலைப்பாதைக்குப் போனோம். போக வர 8 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர். செயலியில் மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தது. காலை 10 மணிக்குக் கிளம்பினோம், கீழே வந்து சேர மாலை 5 ஆகிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை, வழி தவறவும் இல்லை. நான், மனைவி, 11 வயது மகன், 7 வயது மகள், 66 வயது அப்பா. செயலியை நம்பியது தப்பா, இல்லை எங்கள் நடைதான் மோசமா?

செப்டம்பர் 4, இரவு 10:25

உங்கள் நடையில் ஒரு குறையும் இல்லை. செயலி சொன்னதும் பொய்யில்லை. அந்த மூன்று மணி நேரம், எங்கும் நிற்காமல் நடக்கும் ஒற்றை ஆளுக்கு. நீங்கள் போனது ஐந்து பேர்.

இந்தக் கணக்கு நூறு வருடத்துக்கும் மேல் பழையது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் எழுதி வைத்தது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைய அளவில் 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பாதையை அதில் போட்டால் தூரத்துக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி, ஆக 2 மணி 36 நிமிடம். செயலி சொன்னது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நெய்ஸ்மித் நினைத்துப் பார்த்தது நல்ல உடல்வாகு உள்ள மலையேறிகளை. ஏழு வயதுப் பெண்ணும் அறுபத்தாறு வயதுத் தாத்தாவும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். மற்றவர்கள் பதிவேற்றிய பாதைப் பதிவுகளில் பல சமயம் இரண்டு நேரம் இருக்கும்: நகர்ந்துகொண்டிருந்த நேரம், தொடக்கம் முதல் முடிவு வரையான மொத்த நேரம். நம் கண் முதலாவதில் போய் நிற்கும், ஏனென்றால் அதுதான் சின்னது. குடும்பத்துக்கு இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 5, காலை 6:50

நேற்று எழுதாமல் விட்டது. ஜெர்மனியில் நடைபாதை வழிகாட்டிப் பலகைகளுக்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது, டி.ஐ.என். 33466. அதில் வேகங்கள் இன்னும் நிதானமானவை: தூரம் மணிக்கு 4 கி.மீ., ஏற்றம் மணிக்கு 300 மீட்டர், இறக்கம் மணிக்கு 500 மீட்டர். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகப் போட வேண்டும், ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகப் போட வேண்டும். இரண்டில் பெரியதை முழுசாகவும் சின்னதைப் பாதியாகவும் கூட்டினால் விடை.

உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். தூரத்துக்கு 2 மணி. ஏற 2 மணி, இறங்க 1 மணி 12 நிமிடம், சேர்த்து 3 மணி 12 நிமிடம். அதோடு தூரத்தில் பாதி, 1 மணி. மொத்தம் 4 மணி 12 நிமிடம்.

அதே மலை, அதே பாதை, ஆனால் நெய்ஸ்மித்துக்கும் இதற்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டிலும் ஓய்வு சேர்த்தி இல்லை. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் பலகைகளில் போட்டிருக்கும் நேரமும் அப்படித்தான், நடக்கும் நேரம் மட்டும்.

குடும்பத்தோடு போனால் நான் ஜெர்மன் கணக்கைத்தான் எடுப்பேன். அதற்கு மேல் ஓய்வைக் கூட்டுவேன்.

செப்டம்பர் 5, மதியம் 1:15

"நாங்கள் எங்கும் ரொம்ப நேரம் உட்காரவில்லையே, அங்கங்கே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நின்றோம், அவ்வளவுதான்" என்கிறீர்கள். 4 மணி 12 நிமிடத்துக்கு மேல் போன 2 மணி 48 நிமிடமும் அந்த ஒரு நிமிடங்களில்தான் இருக்கிறது.

என் மகளின் ஷூவுக்குள் ஒரு கல் போனதைச் சொல்கிறேன். "அம்மா, கல்லு" என்கிறாள். உட்கார இடம் தேட வேண்டும், பக்கத்துப் பாறை ஈரம், அடுத்த பாறைக்குப் போகிறோம். லேஸில் இரட்டை முடிச்சு, மண் ஏறி இறுகிப்போயிருக்கிறது. அவிழ்த்து ஷூவைக் கவிழ்த்தால் கல்லைக் காணோம். சாக்ஸைக் கழற்றி உதறினால் அரிசியை விடச் சின்னதாக ஒன்று விழுகிறது. சாக்ஸைத் திரும்பப் போட்டால் தையல் விரல் மேல் ஏறி நிற்கிறது, "குத்துது". மறுபடி கழற்றி, திருப்பி, இழுத்துவிட்டு, ஷூ மாட்டி, லேஸ் கட்டி நிமிர்கிறேன். அதற்குள் வீட்டுக்காரர் பையைத் திறந்து தண்ணீர் எடுத்திருக்கிறார். மாமனார் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டு வசதியாக உட்கார்ந்துவிட்டார். கொழுந்தன் படம் எடுக்க எங்கோ நகர்ந்துவிட்டார், அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, எல்லோரும் பையை மாட்டிக் கிளம்பும்போது மகளுக்குத் தாகம்.

கல்லை எடுக்க இரண்டு நிமிடம். ஐந்து பேர் மறுபடி நடையில் விழப் பத்து நிமிடத்துக்கு மேல். ஆள் கூடக் கூட இந்த நேரம் கூடும், ஏனென்றால் ஒருவர் நிற்கும்போது மற்றவர்கள் சும்மா நிற்பதில்லை, ஆளுக்கொரு வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

கல்லைப் பொறுத்துக்கொண்டு நடக்கச் சொல்லாதீர்கள். உரசும் இடம் முதலில் சூடாகத் தெரியும், அப்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளம் வராமல் தடுக்கலாம். கொப்புளம் வந்த பிறகு அந்தக் குழந்தையைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும்.

மற்ற நிறுத்தங்களைச் சேர்த்துவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் நிற்பது, தண்ணீர், தின்பண்டம், ஒதுங்குவது, சட்டை மாற்றுவது, படம் எல்லாம் அங்கேயே. நடுவில் வரும் அவசரத்துக்கு மட்டும் நிற்கலாம். இதை ஆரம்பித்த பிறகு எங்கள் நாள் சுருங்கியது, நடை வேகம் அதேதான்.

செப்டம்பர் 6, இரவு 8:30

"ஏறத்தானே கஷ்டம், இறக்கம் பாதி நேரத்தில் முடிந்துவிடுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இந்த நம்பிக்கையோடு யாரையும் மேலே கூட்டிப்போகாதீர்கள். குடும்பங்கள் இருட்டில் மாட்டிக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணத்தை நான் பார்க்கவில்லை.

வால்டோ டாப்லர் என்ற புவியியலாளர் 1993-ல் சரிவுக்கும் நடை வேகத்துக்கும் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி மனிதன் வேகமாக நடப்பது மிக லேசான இறக்கத்தில், ஏறக்குறைய 3 பாகைச் சரிவில், மணிக்கு 6 கி.மீ. சமதளத்தில் 5 கி.மீ. சரிவு செங்குத்தாக ஆக ஆக இறங்கும் வேகமும் விழுகிறது. 100 மீட்டர் தூரத்துக்கு 30 மீட்டர் உயரம் மாறும் சரிவை எடுங்கள்: ஏறினால் மணிக்குச் சுமார் 1.8 கி.மீ., இறங்கினால் 2.5 கி.மீ. சமதள வேகத்தில் பாதிதான். ஒற்றையடிப் பாதையும் இல்லாத இடமென்றால் இந்த வேகத்தை 0.6-ஆல் பெருக்கச் சொல்கிறார்.

எரிக் லாங்மூர் என்ற மலைப் பயிற்சியாளர் நெய்ஸ்மித் கணக்கில் செய்த திருத்தமும் இதையே சொல்கிறது. 5 முதல் 12 பாகை வரையான மென்மையான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கழிக்கலாம். 12 பாகைக்கு மேல் செங்குத்தாக இருந்தால் அதே 10 நிமிடத்தைக் கூட்ட வேண்டும்.

இதெல்லாம் நல்ல முழங்காலுக்கு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடல் பாரத்துக்குப் பிரேக் போடுகிறது. ஏறுவதை விடத் தசையை அதிகம் புண்ணாக்குவது இந்த வேலைதான், மலையிலிருந்து வந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் போவது இதனால்தான். தொடை ஓய்ந்ததும் பாரம் முழங்காலில் இறங்குகிறது. என் மாமனார் ஏறும்போது எங்களில் யாருக்கும் சளைத்தவர் இல்லை, நிதானமாக, பேசிக்கொண்டே ஏறுவார். இறக்கத்தில் படி உயரமாக வந்தால் பக்கவாட்டில் திரும்பி, கம்பை முதலில் ஊன்றி, நல்ல காலை மேலேயே வைத்துக்கொண்டு வலிக்கும் காலை முதலில் இறக்கி, அப்புறம் மற்றதைச் சேர்ப்பார். ஒவ்வொரு படியும் அப்படி. அதை அவசரப்படுத்த முடியாது, கூடாது.

இறங்கத் தொடங்கும் முன் எல்லோர் லேஸையும் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கால் முன்னால் சறுக்கி விரல் நுனி ஷூவில் முட்டாமல் இருக்கும். நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுவது நல்லது. வயதானவர்களுக்கு இரண்டு கம்பு, ஒன்று போதாது.

செப்டம்பர் 7, காலை 7:05

யார் முன்னால் போவது என்ற கேள்விக்கு: மெதுவாக நடப்பவர் முன்னால்.

வேகமாக நடப்பவர் முன்னால் போனால் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். அவர் ஒரு திருப்பத்தில் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிக் காத்திருப்பார். கடைசி ஆள் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்ததும் "வந்துட்டீங்களா, போலாமா?" என்று எழுந்துவிடுவார். ஓய்வு மொத்தமும் தேவையில்லாதவருக்கே போகிறது. அதிகம் தேவைப்படுபவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இப்படியே நாள் முழுக்க. மதியத்துக்கு மேல் அவர் கால் நகராமல் போவதில் என்ன ஆச்சரியம்?

கடைசியில் ஒரு பெரியவர் கட்டாயம் வர வேண்டும், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் சேரும் வரை யாரும் நகரக் கூடாது. குழந்தைகளிடம் இதை விளையாட்டு விதி மாதிரிச் சொல்லிவிட்டால் பெரியவர்களை விட ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள். என் மகள் ஒவ்வொரு பிரிவிலும் கையைக் குறுக்கே நீட்டி எங்களை மறித்து, தலையை எண்ணிவிட்டுத்தான் விடுவாள். ஒரு தடவை தன்னையே எண்ண மறந்துவிட்டு "ஒரு ஆள் குறையுது" என்று பதறிப்போனாள், அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பில் இன்னொரு பத்து நிமிடம் போனது.

செப்டம்பர் 9, இரவு 11:40

இதுவரை எழுதியதெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பற்றி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது திரும்பும் நேரம். எந்த மணிக்கு, எங்கே இருந்தாலும், திரும்பிவிடுவது. இதை வீட்டிலேயே, யாரும் களைக்காமல் இருக்கும்போது, எல்லோர் காதிலும் விழும்படி முடிவு செய்ய வேண்டும். மலை மேல் நின்று முடிவு செய்யப் போனால் உச்சி கண்ணுக்குத் தெரியும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாங்கள் போடும் கணக்கு: கிளம்பும் நேரத்திலிருந்து வெளிச்சம் போகும் நேரம் வரை எத்தனை மணி என்று பார்ப்போம். அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து ஒதுக்கி வைப்போம். மிச்சத்தில் பாதி போக, பாதி வர. காலை 9-க்குக் கிளம்பி மாலை 6-க்கு வெளிச்சம் போகிறது என்றால் 9 மணி நேரம். 3 ஒதுக்கி, 3 ஏற, 3 இறங்க. பகல் 12-க்குத் திரும்பிவிட வேண்டும்.

மூன்று மணி நேரத்தைச் சும்மா ஒதுக்குவது அதிகம் என்று தோன்றும். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே பாருங்கள்.

12 மணி ஆனபோது உச்சி எங்களுக்கு நேர் மேலே தெரிந்தது. மேலே நின்றிருந்தவர்களின் சட்டை நிறம்கூடத் தெரிந்தது. கொழுந்தன் "அண்ணி, இருபதே நிமிஷம், நான் பாப்பாவைத் தோளில் தூக்கிட்டுப் போறேன்" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டி, "பன்னெண்டுன்னு நேத்து எல்லாரும்தானே பேசினோம்? இறங்கலாம்மா" என்றார். கொழுந்தன் முகம் சுண்டிப்போய்விட்டது. ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் இறங்கினார்.

முக்கால் மணி நேரம் இறங்கியிருப்போம், மழை பிடித்துக்கொண்டது. முன்னறிவிப்பில் இல்லாத மழை. ஒரு பாறை மறைவில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஒடுங்கி நின்றோம். மழை விட்டதும் பாறையெல்லாம் வழுக்கல். காலையில் குழந்தை துள்ளி ஏறிய இடங்களில் இப்போது உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொருவராக இறங்க வேண்டியிருந்தது. மாமனாரின் வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது, கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. வீட்டுக்காரர் அவருக்கு ஒரு படி கீழே நின்று தோளைக் கொடுத்தார், அவர் அதைப் பிடித்து இறங்குவார், வீட்டுக்காரர் அடுத்த படிக்குப் போவார். சண்டை போட்ட கொழுந்தன்தான் அவர் பையையும் என் பையையும் சேர்த்துச் சுமந்தார்.

முகடு மறைத்ததால் எங்கள் பக்கம் நாலரைக்கே வெயில் போய்விட்டது. மரங்களுக்குள் வந்தபோது நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டோம். கீழே வந்து சேர ஆறு ஆகிவிட்டது. ஒதுக்கி வைத்த மூன்று மணி நேரத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

மேலே போயிருந்தால் அந்த வழுக்குப் பாறைகளுக்கு இருட்டில் வந்திருப்போம்.

செப்டம்பர் 10, காலை 6:30

"இருபது நிமிடம்தானே, போயிருக்கலாம்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். உச்சிக்கு இருபது நிமிடம் என்பது ஏற மட்டும். ஐந்து பேர், ஒரு குழந்தை, மேலே போனதும் படம், தண்ணீர், உட்காருதல், காற்றில் தொப்பி பறக்கும், அதைப் பிடிக்க வேண்டும். அரை மணி. திரும்ப அதே இடத்துக்கு இறங்க இருபது. ஒரு மணி நேரத்தைத் தாண்டும். யாராவது "இன்னும் இருபது நிமிடம்" என்றால் அதை மூன்றால் பெருக்கிக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

உச்சி அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். கொழுந்தன் பின்னால் தனியாகப் போய் ஏறிவிட்டு வந்தார். இப்போது எங்களில் கடிகாரத்தை அதிகம் பார்ப்பவர் அவர்தான்.

செப்டம்பர் 11, இரவு 9:20

சூரியனை விரலால் அளப்பது பற்றி. கையை நீட்டி, தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல் என்று பார்த்து, ஒரு விரலுக்கு 15 நிமிடம், நான்கு விரலுக்கு ஒரு மணி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் சொல்லும் வழிதான். ஆனால் அது எல்லா ஊருக்கும் பொருந்தாது, அதுவும் ஆபத்தான பக்கமாகத் தவறும்.

நீட்டிய கையில் நான்கு விரல் அகலம் சுமார் 8 பாகை. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது, அங்கே நான்கு விரல் என்றால் அரை மணி நேரம்தான். வட ஐரோப்பா மாதிரி இடங்களில் சாய்வாக இறங்குவதால் அதே நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கலாம். அங்கே பிறந்த விதியை வெப்பமண்டலத்தில் வைத்துக்கொண்டால் இருக்கும் நேரத்தை இரண்டு மடங்காகக் காட்டும்.

அந்தி வெளிச்சமும் அப்படியே. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் மறைந்த இருபது நிமிடம் சொச்சத்தில் கல்லும் வேரும் கண்ணுக்குப் பிரிந்து தெரியாமல் போய்விடும். அடர்ந்த மரத்தடியில் அதற்கும் முன்னாலேயே. கிளம்பும் முன் அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தைப் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், விரலை நம்ப வேண்டாம். பள்ளத்தாக்கில் நடந்தால் அதிலிருந்தும் ஒரு மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 12, மதியம் 2:10

பகல் நடைக்கு எதற்கு விளக்கு என்றால், தாமதமாகும் என்பதற்குத்தான். ஆளுக்கு ஒன்று, குழந்தைக்கும். கைபேசி வெளிச்சம் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், இறக்கத்தில் இரண்டு கையும் வேண்டும்.

கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அது விடாமல் கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தின்றுவிடும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவது, சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். குளிரிலும் மின்கலம் சீக்கிரம் படுத்துவிடும், உள் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்த உதவிக் குறி: ஒரு நிமிடத்துக்குள் ஆறு தடவை, அப்புறம் ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று தடவை ஊதிப் பதில் தருவார்கள். விளக்கை அணைத்துப் போட்டும் இதையே காட்டலாம். குழந்தையிடம் விளையாட்டுக்கு ஊதக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போன் வரும், எந்த மணி தாண்டினால் அவர் உதவி கேட்க வேண்டும் என்று நான்கையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மழை நாளில் என் நாத்தனாரிடம் "ஏழு மணி வரை பேச்சு இல்லையென்றால்" என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அதனால்தான் கீழே வந்து பேசும் வரை அவர் நிதானமாக இருந்தார். வெறுமனே "சாயங்காலம் வந்துடுவோம்" என்றிருந்தால் நாலு மணியிலிருந்தே தவித்திருப்பார்.

செப்டம்பர் 15, இரவு 10:00

மெதுவாக நடப்பவர் முன்னால் என்று 7-ம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: தன்னை முன்னால் விட்டால் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பொறுமையில்லாமல் நிற்பதுபோல் இருக்கிறது, அதனாலேயே தன் சக்திக்கு மீறி வேகமாக நடந்து சீக்கிரம் களைத்துவிடுகிறார்.

இது சரி. இதைப் படித்த பிறகு மாமனாரிடம் கேட்டேன். "இப்பவாவது கேட்டியேம்மா" என்றார்! அவருக்கு இரண்டாவதாக நடப்பதுதான் பிடிக்குமாம், முன்னால் பேத்தி, அவள் காட்டும் பூச்சியையும் பூவையும் பார்த்துக்கொண்டு. ஆகவே என் விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்: மெதுவாக நடப்பவர் முன்பாதியில் எங்கே வேண்டுமோ அங்கே, அவரே தேர்ந்துகொள்ளட்டும். அவருக்கு முன்னால் போகிறவர் அடிக்கடி திரும்பிப் பார்க்கிற ஆளாக இருக்க வேண்டும். ஆனால் ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

செப்டம்பர் 16, காலை 7:15

11 வயதுப் பையன்கள் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வருவதற்கு: வரைபடத்தை அவன் கையில் கொடுங்கள். கேட்கிறவன் சொல்கிறவனாக மாறிவிடுவான். எங்கள் வீட்டில் மாமா பையனுக்கு இது நன்றாக வேலை செய்தது.

சின்னவர்களுக்குக் களைப்பு என்று நாம் நினைப்பது பாதி நேரம் பசி. அழுகை வரும் முன்பே கொடுத்துவிட வேண்டும், கேட்டபின் கொடுத்தால் தாமதம்தான்.

செப்டம்பர் 18, இரவு 8:45

மழையில் நனைந்த குழந்தையை எப்போது மாற்றுவது என்று கேட்டவருக்கு: நின்ற உடனே. நடக்கும்போது உடம்பு சூட்டைத் தரும், நின்றால் ஈரத் துணியும் காற்றும் சேர்ந்து அதை உறிஞ்சிவிடும். சின்ன உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் பெரியவர்களை விடச் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். 1000 மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறை மறைவில் நின்றபோது முதலில் மகளின் சட்டையைத்தான் மாற்றினேன். உலர்ந்த ஒரு சட்டை, உலர்ந்த ஒரு ஜோடி சாக்ஸ், தண்ணீர் புகாத பையில், ஆளுக்கு. நடுங்கிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று பேச்சு குழறி, தூக்கக் கலக்கமாக, தடுமாறி நடந்தால் அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைவதன் அறிகுறி அது. அங்கேயே நிறுத்தி, உலர்த்தி, உடம்போடு அணைத்து, உதவி கூப்பிட வேண்டும்.

செப்டம்பர் 21, காலை 6:40

முதுகுத் தூளியில் கைக்குழந்தையைச் சுமந்து போவது பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தலை தானாக நிற்கத் தொடங்கி, ஆதரவில்லாமல் உட்காரும் வயதுக்கு முன் சட்டம் வைத்த முதுகுத் தூளி வேண்டாம். சுமப்பவருக்கு வியர்க்கும், குழந்தையோ அசையாமல் உட்கார்ந்திருக்கும், ஆகவே உங்கள் சூட்டை வைத்து அதற்கு உடை போடாதீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் விரலையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள், காலைத் தொங்கவிட்டபடியே விடாமல் இறக்கிக் கொஞ்ச நேரம் உதைத்து விளையாட விடுங்கள். தாழ்ந்த கிளைகளுக்கு நீங்கள் குனியும்போது உங்களுக்கு மேலே இன்னொரு தலை இருப்பது நினைவிருக்கட்டும். தூளி நாளில் நான் திரும்பும் நேரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவேன், 12-க்குப் பதில் 11.